பன்னிரண்டாவது நட்டு

மேல்விஷாரம் தாண்டியதும் அந்தச் சத்தம்.
அம்மியில் யாரோ சரளைக்கல் அரைப்பதுபோல்
என் காலுக்குக் கீழே, அதன் வயிற்றுக்குள்.
அஸ்லம் பாய் காது வைத்துக் கேட்டார்.
"கிராங்க் பேரிங்" என்றார்.
எஞ்சினை இறக்கி ஏற்ற மட்டும்
என்னுடைய எட்டு நாள் ஓவர்டைமைக் கூலியாகச் சொன்னார்.
"நானே இறக்கிக் கொண்டுவந்தால்?"
சிரித்தார். சிரிப்புக்குக் கூலி கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, சத்துவாச்சாரி.
மாடிப்படியின் கீழே நிழல் இருக்கும்வரைதான் வேலை.
ஆராதனை முடித்து, தலையில் பூவோடே வந்தாள்
பக்கத்து போர்ஷன் எப்சிபா.
ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ்.
இட்லித் தட்டு இரண்டைக் கொண்டுவந்து வைத்து
குழிக்கு ஒரு பெயரென்று
வெள்ளை பிளாஸ்திரி கிழித்து எழுதி ஒட்டினாள்:
சைலன்ஸர், செயின் கவர், முன் பிடி, பின் பிடி.

பேட்டரி ஒயரைப் பிரித்தபின் ஆயில் இறங்கியது,
நேற்றைய புளிக்கரைசல் நிறத்தில்,
அவசரமே இல்லாமல்.
டேங்கைக் கழற்றி என் கட்டிலில் படுக்கவைத்தேன்
(இன்றும் தலையணையில் பெட்ரோல்).
கிளட்ச் கேபிள் விடுபட்டதும் பிடி
பொய் சொன்ன பிள்ளையின் தலைபோல்
சும்மா சும்மா ஆடியது.
டார்ச் எடுத்த என் கைப்பை
படியில் வாய் திறந்து கிடந்தது.

பின்பக்கத்து நீள போல்ட் மட்டும் வரமாட்டேனென்றது.
மண்ணெண்ணெய் விட்டேன், தேங்காயெண்ணெய் விட்டேன்,
பிறகு ஒரு கெட்டவார்த்தையும் விட்டேன்.
எப்சிபா "ஸ்தோத்திரம்" என்று மேலே பார்த்தாள்,
பார்த்தபடியே சுத்தியலை எடுத்துக் கொடுத்தாள்.
கடைசியில் வெயில்தான் உதவியது.
பன்னிரண்டரை மணி வேலூர் வெயில்
நிழலைத் தின்று முடித்து
இரும்பின்மேல் ஏறி உட்கார்ந்தது.
ஓங்கி ஒரே அடி.
விரல் நீளத்துக்குத் துரு வெளியே வந்தது.

வீட்டுக்காரர் மேகவர்ணம் ஜன்னலில்:
"தரையில எண்ணெ ஊத்தாதீங்கம்மா.
ரெண்டு பொம்பளைங்க இத்த தூக்கிடுவீங்களா?"

தூக்க முடியாதுதான்.
முப்பது கிலோ, பிடித்துக்கொள்ள ஒரு காது கிடையாது.
தூக்கவில்லை.
இலவம்பஞ்சு மெத்தையை விரித்து
வண்டியை வலப்பக்கமாய்ச் சாய்த்தோம்.
மிச்ச போல்ட்டையும் உருவினோம்.
பிறகு வண்டியை மட்டும் நிமிர்த்தினோம்,
பால் குடித்து உறங்கிய பிள்ளையின் கீழிருந்து
கையை உருவி எழுவார்களே, அப்படி,
மூச்சைக்கூட பார்த்துப் பார்த்து.
எஞ்சின் மெத்தையிலேயே கிடந்தது.
ஜன்னல் சாத்திக்கொண்டது.

வண்டியின் நடுவே இப்போது ஒரு காலியிடம்.
அதற்குள் எதிர்வீட்டுப் பப்பாளி,
அதற்கும் பின்னால் மொட்டை மலை.
எங்கள் ஊரைப் பற்றி வெளியூர்க்காரர்கள் சொல்வதுண்டு:
நீரில்லாத ஆறு, மரமில்லாத மலை, அரசனில்லாத கோட்டை.
எஞ்சினில்லாத வண்டியையும் சேர்த்துக்கொள்ளட்டும்.
அரசன் இல்லாததால் கோட்டைக்கு என்ன குறைச்சல்?
அகழியோரம் சுண்டல் நன்றாகத்தான் விற்கிறது.

எப்சிபா எண்ணத் தொடங்கினாள்.
வயிற்றைத் தைக்கும்முன் பஞ்சை எண்ணுவார்களாம்.
ஒன்று குறைந்தாலும் டாக்டர் காத்திருக்க வேண்டுமாம்,
எவ்வளவு பெரிய டாக்டரானாலும்.
"போல்ட் பன்னிரண்டு. நட்டு பதினொன்று."
டீ வடிகட்டியில் கறுப்பு ஆயிலைச் சலித்தோம்.
மெத்தையை உதறினோம்.
துளசித்தொட்டி மண்ணைக்கூடக் கிளறினோம்.
இரவு டியூட்டிக்குக் கிளம்பியவள்
கேட்டில் நின்று திரும்பிச் சொன்னாள்:
"கணக்கு முடியல. மூடிடாதே."

திங்கள். ராணிப்பேட்டைக்குத் தனியார் பஸ்.
கம்பியைப் பிடித்திருந்த இடது கை
ஒவ்வொரு நிறுத்தத்திலும்
இல்லாத கிளட்சை அழுத்திக்கொண்டே வந்தது.
ஷூ கம்பெனிக்கு ஒரு டிக்கெட் கேட்டு,
பையின் அடியில் துழாவி
கைக்கு வந்த சில்லறையை அள்ளி நீட்டினேன்.
கண்டக்டர் அதில் ஒன்றை மட்டும் பொறுக்கி
வெளிச்சத்தில் பிடித்து
ஆறு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"இது எந்த ஊரு காசும்மா,
நடுவுல ஓட்ட வச்சிக்கினு?"